பன்றி விலா எலும்பு: பிரட்டல், சூப்பு, ஓவன்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பசாரில் விலா எலும்பு வாங்கினால் கடைக்காரரிடமே இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லிவிடுங்கள், வீட்டுக் கத்திக்கு அது அடங்காது.

எஸ்டேட் வீடுகளில் முதலிடம் பிரட்டலுக்குத்தான். மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு போட்டுப் பிசறி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்தால் கொழுப்பு தானாக இறங்கும், அந்தக் கொழுப்பிலேயே பட்டை, சோம்பு, கறிவேப்பிலை, நிறைய வெங்காயம் எல்லாம் வதங்கிவிடும், எண்ணெயே வேண்டாம். கடைசியில் இடித்த மிளகும் ஒரு கரண்டி கெட்டிக் கிச்சாப்பும் (கறுப்பு சோயா சாஸ்). கிச்சாப்பு விழுந்ததும் சட்டி ஓரத்தில் நுரைத்து, கறுத்து, எலும்பில் பளபளவென்று ஒட்டும். உடனே அடுப்பை அணையுங்கள், இல்லையென்றால் கசக்கும். கிச்சாப்பு சேர்ப்பது அம்மாவுக்குப் பிடிக்காது, ஆனால் சட்டியை வழிப்பது அவர்தான்!

சூப்பு என்றால் பாக் குத் தே, சீனர்களின் மூலிகைப் பன்றி எலும்புச் சூப்பு. கிள்ளானில் பேர்போனது, 2024இல் அரசாங்கமே தேசியப் பாரம்பரிய உணவாக அறிவித்தது. மூலிகைப் பொட்டலம் கடையில் கிடைக்கும். எலும்பைக் கொதிநீரில் ஒரு கொதி விட்டுக் கழுவி, முழுப் பூண்டு உரிக்காமல் போட்டு, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள்.

ஓவன் இருந்தால் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி 150 டிகிரியில் இரண்டரை மணி நேரம், அப்புறம் பிரித்து சாஸ் தடவிச் சிவக்க விடலாம். நேரம் போனால்தான் உள்ளே இருக்கும் கொலாஜன் என்ற சவ்வுப் புரதம் கரையும். ஏர் ஃப்ரையரில் பச்சையாகப் போட்டால் சதை வறண்டுவிடுகிறது, குக்கரில் நாலு விசில் விட்டுப் போட்டால் சரி.