தோடியின் காந்தாரம் ஆட்டோ-ட்யூனுக்குள் போனால்

நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவரைத் தோடி ராகத்தில் காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை, பிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவை, குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-ட்யூன் மென்பொருளில் போட்டு, ஸ்கேலை க்ரோமாட்டிக்கில் (பன்னிரண்டு ஸ்வரங்களும் இருக்கும்படி) வைத்து, ரீட்யூன் வேகத்தை, அதாவது திருத்த எடுத்துக்கொள்ளும் நேரத்தை, பூஜ்யத்துக்கு இறக்குங்கள். வெளியே வருவது, ஆர்மோனியத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை யாரோ அவசரமாகத் தட்டியது போல இருக்கும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை. ரிஷபத்தின் பக்கம் இறங்கி, மத்யமத்தைத் தொட்டு ஊசலாடுகிற அசைவுதான் அது. மென்பொருளுக்கு அந்த அசைவெல்லாம் தெரியாது. ஒவ்வொரு கணமும் குரல் எந்த ஸ்வரத்துக்குக் கிட்டே இருக்கிறதோ அதிலே கொண்டுபோய் ஒட்டிவிடும். தோடியின் ஏழு ஸ்வரங்களை மட்டும் ஸ்கேலில் விட்டுவைத்தால் சரியாகும் என்று நினைத்தால் இன்னும் மோசம். படிகள் குறைந்து, ஒவ்வொரு படியும் உயரமாகிவிடும்.

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் மஞ்சக்குப்பத்திலும் ஓர் அறை, ஒரு கணினி, ஓர் இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக் இருந்தால் இன்று ஸ்டுடியோ. அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு: "இப்பல்லாம் யார் வேணா பாடலாம், மெஷின் பாத்துக்கும்." இது பாதிகூட உண்மை இல்லை. பாடத் தெரியாதவரை இந்தக் கருவி பாடகர் ஆக்குவதில்லை. நன்றாகப் பாடுகிறவரைச் சராசரியாக்குகிறது. கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

பாடத் தெரியாதவரை ஏன் காப்பாற்றாது? ஓர் அரை ஸ்வரத்துக்கு, அதாவது பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இடைவெளிக்கு, 100 சென்ட். பாடகர் 30 சென்ட் இறங்கிப் பாடினால் கருவி மேலே தூக்கிவிடும். 60 சென்ட் இறங்கினால்? பாதியைத் தாண்டியாயிற்று, கீழே இருக்கும் ஸ்வரம்தான் இப்போது கிட்டே. கருவி அதைத்தான் சரியென்று எடுத்துக்கொண்டு, தவறை அழுத்தம் திருத்தமாகப் பாடிக் காட்டும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையால் இழுத்து வைக்கலாம், ஆனால் அரைமணி வேலை இரண்டு நாள் ஆகும். அதற்குப் பிறகும் மூச்சு, சொல்லின் தெளிவு, எடுப்பில் வந்து விழும் நேரம், எங்கே குரலை அடக்குவது எங்கே திறப்பது, இவையெல்லாம் பாடியவரிடம் இருந்தபடியேதான் இருக்கும். சுருதி சுத்தமான, உயிரில்லாத பாட்டு ஒன்று கிடைக்கும். அவ்வளவுதான்.

குரலுக்குக் கருவி கைகொடுப்பது ஒன்றும் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததும் அல்ல. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் காலத்து நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாட வேண்டும். மைக் வந்ததும் மெல்லிய குரலும் பாட்டுக்குத் தகுதி பெற்றது. 1966இல் லண்டன் அபே ரோட் ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட், ஒரே குரலை இரண்டு பேர் பாடியது போலக் காட்டும் டேப் முறையைக் கண்டுபிடித்தார். 1970களில் சுருதியை ஏற்றி இறக்கும் ஈவன்டைட் நிறுவனத்தின் ஹார்மனைசர் வந்தது. ஆட்டோ-ட்யூன் வந்தது 1997இல். அதைச் செய்த ஆண்டி ஹில்டிபிராண்ட், எண்ணெய் தேடுவதற்காகப் பூமிக்குள் அனுப்பும் அதிர்வுகளின் எதிரொலியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். அந்தக் கணக்கே குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கவும் உதவியது. அடுத்த வருடமே பாடகி செர் பாடிய ஒரு பாட்டில் வேகத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி ரோபோ போல ஒலிக்கவைத்தார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது, தயாரிப்பாளர்கள் வேறொரு கருவியின் பெயரைச் சொல்லி மழுப்பினார்கள். முதல் நாளிலிருந்தே இதில் ஓர் ஒளிவுமறைவு ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

சரி, கெடுவது எங்கே? பெரும்பாலும் ட்யூன் செய்யும் மேசையில் இல்லை, மைக் முன்னாலேயே கெட்டுவிடுகிறது. பின்னால் சரிசெய்ய வேண்டிவருகிற சுருதிப் பிசகில் பெரும்பகுதி ஹெட்போனில் பிறக்கிறது. இசை அதிகச் சத்தமாக ஓடினால் பாடகருக்குத் தன் குரல் கேட்காது, தொண்டையை அழுத்துவார், சுருதி நகரும். இசையைக் குறையுங்கள். ஒரு காதைத் திறந்து பாடச் சொல்லுங்கள். திறந்த பக்கத்து மூடியைக் காதுக்குப் பின்னால் தலையோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிளிக்கும் (தாளத்துக்கான தட்டொலி) கீபோர்டும் மைக்கில் ஒழுகும். ஒழுகின கீபோர்டைக் குரல் என்று நினைத்து ட்யூனர் குழம்பும். கீபோர்ட் பேட் (நீளமாக இழையும் பின்னணி ஒலி) வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தால் பாடகருக்கு ஆதாரமே புரியாது. ஒரு தம்பூரா ஒலியையோ பியானோவையோ மட்டும் விட்டுப்பாருங்கள், பாதிப் பிசகு அங்கேயே தீரும். தாமதமும் ஒரு காரணம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித்துணுக்குகள்) 128 என்றால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட்தான், தொந்தரவில்லை. 1024இல் மறந்து விட்டுவைத்தால் 21 மில்லிசெகண்ட். தன் குரலே பின்னால் ஓடிவருவது கேட்டு பாடகர் தாளத்தில் இழுப்பார். பழி அவர்மேல் விழும்.

நம் கடற்கரை ஊர்களுக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் கண்டென்சர் மைக்கின் சவ்வில் இறங்கி, பொரிகிற சத்தம் வரும். மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். உப்புக்காற்றில் கேபிள் முனைகள் பச்சை பூத்துப்போகும். இன்னொன்று எர்த். ஆண்குரலின் மந்த்ர ஸ்தாயி 100 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். எர்த் சரியில்லாத வீட்டில் கரண்ட் இரைச்சல் 50, 100 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். ட்யூனர் இரண்டையும் பிரித்தறியாமல் குரலை ஒரு ஸ்தாயி தூக்கிப்போட்டு விளையாடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினாலும் அந்த 100 போகாது. ஃபேனை நிறுத்துங்கள். ஏசியை டேக்கின்போது (ஒருமுறை பாடிப் பதியும்போது) மட்டும் அணையுங்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண், நடுவில் காற்றுத் தெறிப்பைத் தடுக்கும் பாப் ஃபில்டர், உச்சத்தில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாத அளவு. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

டேக் எத்தனை எடுப்பது? பல்லவியை நான்கைந்து முறை முழுதாகப் பாடவையுங்கள். வரிவரியாக நிறுத்தி, சொல் சொல்லாகப் பஞ்ச் செய்து (அந்த இடத்தை மட்டும் மறுபடி பதிந்து) பாடவைப்பதுதான் ஒரு பாடகருக்குச் செய்யும் பெரிய கெடுதல். "விடுங்க, அத ட்யூன்ல சரி பண்ணிக்கலாம்" என்ற ஒரு வாக்கியத்தால், ஐந்தாவது முறை பாடியிருந்தால் வந்திருக்கக்கூடிய சங்கதி (வரியை மெருகேற்றும் நுணுக்கம்) வராமலே போகிறது. பல டேக்குகளை ஒட்டிச் சேர்ப்பது பாவமில்லை, ஒட்டு தெரியக்கூடாது. மூச்சை அடுத்து வரும் வரியோடு சேர்த்தே எடுங்கள், 10 முதல் 20 மில்லிசெகண்ட் க்ராஸ்ஃபேட் (ஒன்று தேயத் தேய மற்றது ஏறுவது) போதும். காலையில் பாடிய டேக்கையும் ராத்திரி பாடியதையும் ஒட்டாதீர்கள், குரலின் நிறமே வேறாக இருக்கும். மூச்சுச் சத்தத்தை அழிக்கவும் வேண்டாம், ஐந்தாறு டெசிபல் குறைத்தால் போதும். மூச்சே விடாமல் சரணம் பாடுகிறவரைக் கேட்டால் கேட்பவருக்குத்தான் மூச்சு முட்டும்.

இப்போது ட்யூனிங். முதல் வேலை ஆதாரத்தைச் சரிபார்ப்பது. பாடகர் தன் ஆதார சுருதி இரண்டரைக் கட்டை என்பார். கருவியில் அது டி ஷார்ப். ஒன்று சி, ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப் என்று மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த பக்திப் பாட்டில் கட்டைக் கணக்கு மட்டும் உதவாது. சீவாளியை (வாயில் வைத்து ஊதும் துண்டு) பொறுத்து நாகஸ்வரம், கருவிகளின் பொது அளவான 440 ஹெர்ட்ஸின் மேலோ கீழோ நிற்கும். வாத்தியம் 25 சென்ட் தூக்கி நிற்கிறதென்றால், ட்யூனரின் அடிப்படையை 440லிருந்து ஏறக்குறைய 446.4க்கு மாற்றுங்கள். மாற்ற மறந்தால், நாகஸ்வரத்தோடு அழகாகச் சேர்ந்து பாடிய குரலை மென்பொருள் பொறுப்பாக அபஸ்வரமாக்கித் தரும்.

காந்தாரத்தில் இன்னொரு சிக்கல். தம்பூராவுக்குப் பாடிப் பழகிய காதுக்கு அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட்டில் நிற்கும். கீபோர்டின் காந்தாரம் 400. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்திலோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைத்துறையிலோ படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் கல்யாணியில் காந்தாரத்தை இயல்பாக அந்த 386இல் நிறுத்துவார்கள். திரையில் அது 14 சென்ட் கீழே இருப்பதாகத் தெரியும். கண்ணை நம்பினால் தூக்கத் தோன்றும். பின்னால் தம்பூரா மட்டும் ஓடினால் தொடவே கூடாது. கீபோர்ட் கார்ட் கெட்டியாக ஓடினால் மட்டும் பாதி தூரம் நகர்த்திப்பார்க்கலாம்.

சுருதியைக் கையால் திருத்த உதவும் மெலோடைன் மென்பொருளில் மூன்று கருவிகள்தான் முக்கியம். பிட்ச் சென்டர் ஸ்வரத்தின் நடுப்புள்ளியை நகர்த்தும். பிட்ச் மாடுலேஷன் அசைவின் அகலத்தைக் கூட்டும், குறைக்கும். பிட்ச் ட்ரிஃப்ட் மெல்ல வழுக்கும் கார்வையை (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தை) நிமிர்த்தும். நம் பாட்டுக்கு முதலாவதை அளவாக, மூன்றாவதை நீண்ட கார்வையில் மட்டும், இரண்டாவதை அநேகமாக ஒருபோதும் வேண்டாம். மாடுலேஷனைக் குறைக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு கமகம் (ஸ்வரத்தின் அசைவு) சாகிறது. மென்பொருள் ஒரே கமகத்தை மூன்று ஸ்வரமாக வெட்டிவைத்திருக்கும், அவற்றை முதலில் ஒன்றாக்கிவிட்டு நகர்த்துங்கள். பிருகா (வேகமாக உருளும் ஸ்வரங்கள்) வரும் இடத்தை முழுதாகப் பிடித்து ஒரே அளவு ஏற்றி இறக்குங்கள், உள்ளே கை வைக்காதீர்கள். வெட்ட வேண்டியே வந்தால் எங்கே வெட்டுவது? க்க, ட்ட, த்த, ப்ப போன்ற இரட்டித்த வல்லினத்தில் குரல் ஒரு கணம் முழுதாக நிற்கும், அங்கே. ழ, ள, ல, ண, ம ஆகியவற்றில் சுருதி ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே வெட்டினால் "மழை" உடைந்துபோகும்.

ஆட்டோ-ட்யூனே பயன்படுத்துவதென்றால் வேகத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள். குரல் நடுக்கம் வினாடிக்கு 5 முதல் 7 முறை, அதாவது ஒரு சுற்றுக்கு 140 முதல் 200 மில்லிசெகண்ட். வேகம் 10, 15 என்று வைத்தால் கருவி அந்த அலையைத் துரத்திப் பிடித்துச் சப்பையாக்கிவிடும். 50க்கு மேலே வைத்தால் அலை பிழைக்கும். ரிவெர்பை (அறை எதிரொலியை) ட்யூனுக்குப் பின்னால் போடுங்கள், ரிவெர்ப் கலந்த குரலை ட்யூன் செய்தால் வால்பகுதி தண்ணீருக்குள் பேசுவது போலக் குழறும். முடித்ததும் திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். காதுக்கு உறுத்தாததைக் கண்ணுக்காகத் திருத்தியிருந்தால் பழையபடி வைத்துவிடுங்கள்.

வேண்டுமென்றே ரோபோக் குரல் கேட்கிற பாட்டு வேறு கணக்கு. அங்கே பாடகர் ட்யூன் ஆன குரலைத் தன் ஹெட்போனிலேயே கேட்டுப் பாட வேண்டும். எங்கே வழுக்கினால் குரல் எந்தப் படியில் குதிக்கும் என்று பழகி, அதை ஒரு வாத்தியம் போல வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் திறமைதான், அதைக் கேலி செய்கிறவர்கள் ஒருமுறை முயன்றுபார்க்கலாம்.

ஏமாற்று எது என்று கேட்டால், பாடாதவர் பாடியதாகச் சொல்வது. மில்லி வனில்லி என்ற பாப் இரட்டையர் வாங்கிய கிராமி விருது 1990இல் திரும்பப் பெறப்பட்டது அதற்காகத்தான். அவர்களுடைய ஆல்பத்தில் இருந்தது வேறு ஆட்களின் குரல். செயற்கை நுண்ணறிவும் இதையொட்டிய கேள்வியைத்தான் கிளப்புகிறது. 2024இல் வந்த லால் சலாம் படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலும் செயற்கை நுண்ணறிவு மூலம் ஒலித்தது. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார். பொதுவாக இந்தக் குரல்மாற்று முறையில் ஒருவர் உட்கார்ந்து முழுப் பாட்டையும் பாடியாக வேண்டும், மென்பொருள் மாற்றுவது குரலின் நிறத்தை. கமகம், மூச்சு, எடுப்பு எல்லாம் அந்த முதல் ஆளுடையவை. அவர் பெயரும் பாட்டின் கீழே வர வேண்டும்.

வீராம்பட்டினம் தேருக்கும் மாசி மகத்துக்கும் மேடை ஏறுகிற இசைக்குழுக்களிலும் இப்போது கால் பக்கத்தில் சுருதி திருத்தும் ஒரு பிட்ச் பெட்டியைக் காண முடிகிறது. அதற்கு இரண்டு எச்சரிக்கை. மேடை மைக்கில் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து நுழையும், ஆகையால் திருத்தத்தின் அளவைப் பாதிக்குக் கீழேயே வையுங்கள். பாடகருக்குத் தொண்டை கட்டிய அன்று கீபோர்டுக்காரர் அரைக் கட்டை இறக்கி வாசிப்பார். பெட்டியில் கீயை மாற்ற யாருக்கும் ஞாபகம் இருக்காது. பாட்டு முழுக்க ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஆகும். கீ மாற்றுகிற பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுத்து, பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே கட்டையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால், திருத்தத்தை விலக்கும் பைபாஸ் பொத்தானை மிதித்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள்.