மோக்லிக்குப் போடும் தூண்டில்கள்

1967-ல் வந்த டிஸ்னியின் ‘தி ஜங்கிள் புக்’ படத்தில் கதை கொஞ்சம்தான். புலி திரும்பி வந்துவிட்டது, காட்டில் வளர்ந்த மோக்லி என்ற பையனை மனிதர்கள் இருக்கும் ஊரில் சேர்க்க வேண்டும், அவனோ போக மாட்டேன் என்கிறான். இதை வைத்துக்கொண்டு 78 நிமிடம் அலுக்காமல் ஓட்டியிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் பாட்டுகள் உட்காரும் இடம். ஒவ்வொரு பாட்டும் மோக்லியைத் தன் பக்கம் இழுக்க யாரோ ஒருவர் போடும் தூண்டில்.

யானைகளின் அணிவகுப்புப் பாட்டைக் கேட்டதும் குட்டி யானையின் பின்னால் நாலு காலில் நடக்கிறான். பலூ என்ற கரடியின் ‘தி பேர் நெசசிட்டீஸ்’ முடிவதற்குள் கரடியாகவே ஆகிவிட நினைக்கிறான். கிங் லூயி என்ற ஒராங்குட்டான் குரங்கு, ஸ்விங் என்னும் துள்ளல் ஜாஸ் இசையில் மனிதனின் நெருப்பைக் கேட்டுப் பேரம் பேசுகிறது. வேடிக்கை என்னவென்றால் காப்பாற்ற வந்த பலூவே தாளத்தில் மயங்கி, குரங்கு வேஷம் கட்டி ஆடத் தொடங்கிவிடும். கா என்ற மலைப்பாம்பு தாலாட்டு மாதிரிப் பாடியே சுற்றி வளைக்கிறது. (கிப்ளிங்கின் மூலக்கதையில் கா, மோக்லியின் நண்பன். கிங் லூயி அதில் கிடையாது. ஒராங்குட்டான் இந்தியக் காட்டு விலங்கும் இல்லை.)

பாட்டு யாருக்கு இல்லை என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். மோக்லியை ஊருக்குக் கூட்டிப்போகும் கருஞ்சிறுத்தை பகீரா நியாயம் மட்டும் பேசுகிறது. தனக்கென்று ஒரு பாட்டு இல்லை, அதன் பேச்சு எடுபடுவதும் இல்லை. புலி ஷேர் கானுக்கும் தனிப்பாட்டு கிடையாது. கொல்ல வந்தவன் எதற்கு மயக்க வேண்டும்? நான்கு கழுகுகள் பாடும் பாட்டின் கடைசி வரியை மட்டும் அடித்தொண்டையில் முடித்துவைத்துக்கொண்டு வந்து நிற்கும். அந்த ஒரு வரிதான் படத்தின் ஆகச் சிறந்த வில்லன் நுழைவு என்பேன். கடைசியில் தண்ணீர் எடுக்க வந்த ஒரு சிறுமி பாடுகிறாள். பகீரா படம் முழுக்க வாதாடியும் நடக்காதது அங்கே நடந்துவிடுகிறது.

பெரும்பாலான பாட்டுகள் ஷெர்மன் சகோதரர்களுடையவை. முதலில் எழுதிய டெர்ரி கில்கைசனின் பாட்டுகள் இருண்ட தொனியில் இருந்ததால் கழித்துவிட்டார்கள். தப்பியது ‘தி பேர் நெசசிட்டீஸ்’ ஒன்றுதான். ஆஸ்கர் பரிந்துரை வரை போனதும் அதுவே.

ஆட்டம் தாளத்தோடு ஒட்டுவதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. குரலையும் பாட்டையும் முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்பத்தான் வரைவார்கள். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படங்கள். நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 6 ஓவியம் போதும். 110 தட்டு என்றால் 13.09 ஃபிரேம் வரும். அதை 13 என்று முழுசாக்கினால் நூறாவது தட்டில் 9 ஃபிரேம் பிசகி, கால் ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். கால் தரையில் படும் ஓவியத்தை ஒலிக்குச் சரியாக அதே ஃபிரேமில் வைத்தாலும் பிந்தியதுபோல் தெரிவதுண்டு. அதனால் ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னாலேயே வைப்பது அனிமேட்டர்களின் வழக்கம்.

2016-ல் வந்த புதிய படம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அசல் கரடி போலவே தோன்றும் கரடியின் வாயை, பாட்டுக்காக இஷ்டத்துக்கு இழுத்து நெளிக்க முடியாது. காவின் பாட்டைப் படம் முடிந்தபின் பெயர்கள் ஓடும் எழுத்தோட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

பழைய படத்தைப் பார்க்கிறவர்கள் டிவியில் அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ அமைப்பை அணைத்துவிடுங்கள். இரண்டு ஃபிரேம் நிற்க வேண்டிய ஓவியங்களுக்கு நடுவே டிவி தானாக ஒன்றைச் செருகும்போது கோடுகள் குழைந்து, பலூவின் துள்ளல் வழவழவென்று ஆகிவிடும். பழைய பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்கான டிவிடியாக இருந்தால் நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடும். படம் ஏறக்குறைய 75 நிமிடத்தில் முடிந்துவிடும், ஸ்ருதியைத் திருத்தாத பதிப்பில் பலூவின் குரலும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும்.