ரெய்கான்டோ குகை: வேண்டிக்கொள்ளப் போன இடத்தில்

ஜப்பானில் குமமோட்டோ போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னதும் வந்த முதல் கேள்வி, "அங்க என்ன சாமி?" என்பதுதான். கருணைக்கான பௌத்த தெய்வம் கன்னோன் என்றால் புரியாதே என்று, குதிரைத்தலைச் சாமிம்மா, மூலப் பெயர் ஹயக்ரீவர் என்றேன். "அப்போ தம்பி பரீட்சைக்கு வேண்டிக்கிட்டு வா." அவ்வளவுதான், வேலை கொடுத்தாயிற்று. உண்மையில் நான் கிளம்பியது வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி கடைசிக் காலத்தில் தங்கி எழுதிய குகையைப் பார்க்க. ஆனால் கையில் ஒரு வேண்டுதல் ஏறிவிட்டால் ஊர் சுற்றுவதும் யாத்திரையாகிவிடுகிறது.

நகரத்திலிருந்து பஸ், மேற்கே கின்போ மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. சரிவெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம், அப்பால் அரியாகே கடல். இறங்கி மேட்டில் இருபது நிமிடம் போல நடந்தால் உன்கன்ஜென்ஜி என்கிற ஜென் கோயில். 14ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த ஒரு துறவி நிறுவியது. குகை அதன் பின்பக்கம்.

குகைக்குப் போகிற வழியிலேயே நான் நின்றுவிட்டேன். மலைச்சரிவு முழுக்கச் சின்னச் சின்னக் கற்சிலைகள், ஐநூறு அர்ஹந்தர்கள், புத்தரின் சீடர்கள். ஃபுச்சிதயா கிஹெய் என்ற வணிகர் 1779இல் ஆரம்பித்து 1802 வரை, 24 வருடம் செதுக்க வைத்துக் காணிக்கையாகக் கொடுத்தாராம். ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் எதற்கோ சலித்துக்கொள்கிறார், ஒருவர் எங்கள் தாத்தா சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் சாய்ந்த மாதிரியே இருக்கிறார். பலருக்குத் தலை இல்லை. நிலநடுக்கத்தில் விழுந்தது பாதி, 19ஆம் நூற்றாண்டில் மெய்ஜி பேரரசர் காலத்தில் பௌத்தத்துக்கு எதிராகக் கிளம்பிய ஆவேசத்தில் உடைத்தது பாதி என்கிறார்கள். தலையில்லாத தோளிலும் பாசி பச்சையாகப் படர்ந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, குகையை மறந்து அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

குகை என்றதும் இருட்டாக உள்ளே போகும் என்று நினைத்திருந்தேன். இது அகலமாக வாய் திறந்த பாறை, படியேறினால் ஈரக் காற்று. உள்ளே சட்டத்துக்குப் பின்னால் கன்னோன். எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் இருட்டுதான் தெரிந்தது. நம்ம ஹயக்ரீவர் கல்விக்கு. இங்கே அதே பெயர் பௌத்தத்தோடு போய்க் கோப முகம் எடுத்து, குதிரைகளையும் கால்நடைகளையும் காக்கிற தெய்வமாகிவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, தம்பி கணக்கில் வாங்கும் மதிப்பெண்ணுக்கு இவர் தோது இல்லை என்று வேறு ஆளைத் தேடுவார்.

முசாஷியை 1640இல் குமமோட்டோவுக்கு அழைத்தவர் ஹொசோகாவா தடதோஷி என்ற பிரபு. அடுத்த வருடமே அந்தப் பிரபு இறந்துபோனார். 1643இல் முசாஷி, அறுபது வயதில், இந்த மலையேறி, வானத்தை வணங்கி, கன்னோனைத் தொழுது, புத்தர் முன் அமர்ந்து எழுத ஆரம்பித்ததாக அவரே தன் வாள்கலை நூலின் தொடக்கத்தில் சொல்கிறார். விடிவதற்கு முன், அவர்கள் கணக்கில் புலி நேரம், நமக்குப் பிரம்ம முகூர்த்தம். பதிமூன்று வயதில் ஆரம்பித்து இருபத்தெட்டு இருபத்தொன்பதுக்குள் அறுபதுக்கு மேல் சண்டை, ஒன்றிலும் தோற்கவில்லை. ஆனால் முப்பதைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, அதெல்லாம் கலை முற்றியதால் வந்த வெற்றி இல்லை, பிறவித் திறமையோ எதிராளி பயின்ற முறையின் குறையோ காரணமாக இருக்கலாம் என்று எழுதுகிறார். ஜெயித்தவன் இப்படி எழுதுவது லேசு இல்லை.

'கோரின் நோ ஷோ' என்ற அந்த நூலுக்கு ஐந்து பகுதி: நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி. பஞ்சபூதம் பௌத்தம் வழியாக அங்கே போனது. காஞ்சி, திருவானைக்கா, அண்ணாமலை, காளத்தி, தில்லை என்று வரிசை எனக்கு மனசில் தானாக ஓடிற்று. கடைசிப் பகுதியான வெளி ஒரு பக்கம் போலத்தான் வரும். தில்லையில் திரையை விலக்கினாலும் பார்க்க என்ன இருக்கிறது!

1645இல் சாவதற்கு ஒரு வாரம் முன்பு 21 வரிகள் எழுதி வைத்தார், 'தொக்கோதோ', தனியாக நடக்கும் வழி. அதில் ஒன்று: புத்தரும் தெய்வங்களும் மேன்மையானவர்கள், அவர்களை நம்பி நிற்க மாட்டேன். கியோட்டோவில் யோஷியோகா என்ற வாள்பள்ளி ஆட்களோடு மோதப் போகும் வழியில் ஹச்சிதாய் கோயிலில் வேண்டிக்கொள்ளப் போய், கையை இழுத்துக்கொண்டு திரும்பினார் என்று ஒரு கதையும் உண்டு.

எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. கேட்காமல் கும்பிடுவதா? தேங்காய் உடைக்கும்போதே கோரிக்கை சொல்லிப் பழகிய வாய். ஐந்து யென் காசைப் போட்டேன், கை கூப்பினேன், தம்பி பெயர் சொன்னேன், நட்சத்திரம் சொன்னேன். அதற்கு மேல் என்ன கேட்பது என்று வாய் வரவில்லை. பாறையிலிருந்து எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா போன். "வேண்டிக்கிட்டியா?"

"பேரும் நட்சத்திரமும் சொல்லிட்டேன்மா."

"சரி, அது போதும்" என்று வைத்துவிட்டார். முசாஷி என்று ஒருவர் இருந்ததை நான் சொல்லவில்லை.