தரம் ஒன்றில் எங்கள் குடும்பம்

பாட்டி இலங்கையின் இந்தத் தேயிலை மலையில் பிறந்து, தமிழ்நாட்டுக் கூடலூரில் இறந்தவர். நான் கூடலூரில் பிறந்து இந்த மலைக்கு வாழ வந்தவள். 1964இல் கையெழுத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரைப் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். அந்தப் பிரிப்பில் பாட்டி தலைமன்னாரில் கப்பலேறினார். அவருடைய அண்ணன் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அந்த அண்ணனின் பேரனைத்தான் நான் கட்டியிருக்கிறேன்.

சொந்தத்துக்குள்தான் வந்தேன். தேயிலை எனக்குப் புதிதில்லை, குளிரும் புதிதில்லை. ஆனாலும் இந்த ஊரில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. குழாயடியில் "இந்தியாக்காரப் பிள்ளை" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். பேச்சு அதற்கு மேல் வளராது. காலை ஏழு மணிக்கு லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள் முழுக்க, கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடும். கணவர் ஹட்டனில் கடை லொறி ஓட்டுகிறார், விடியுமுன்பே கிளம்பிவிடுவார். வீட்டில் நானும் தையல் மெஷினும் கைக்குழந்தையும். வதிவிட விசாவில் இருப்பவள் என்பதால் வெளியே வேலைக்குப் போகவும் வழியில்லாமல் இருந்தது. அந்த வருடங்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை.

மகனுக்கு ஐந்து வயது முடிந்ததும் தோட்டத்துப் பாடசாலையில் தரம் ஒன்றுக்கு, அதாவது முதலாம் வகுப்புக்கு, எழுதிக் கொடுத்தோம். ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம், தடுப்பூசிப் பதிவுகள் எல்லாம் தயாராக இருந்தன. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பாடசாலை ஆண்டு மார்ச், பிப்ரவரி என்று தள்ளித் தள்ளித் தொடங்கிக்கொண்டிருந்தது. 2025இல்தான் மறுபடி ஜனவரிக்கு வந்து சேர்ந்தது. கூடலூரில் ஜூன் மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் போன எனக்கு, பனி விலகி வெயில் வரும் காலையில் புது வகுப்பு தொடங்குவது அழகாக இருந்தது. சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிற பஸ்கள் விடிய விடிய ஓடும் காலமும் அதுதான்.

பாடசாலை திறப்பதற்கு முன்பே வகுப்பு டீச்சர் ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் அனுப்பியிருந்தார். பெரிய எழுத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பாட்டிமாருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார். "பெற்றோர் வரவும்" என்று அதில் இல்லை. "பிள்ளையை யார் வளர்க்கிறீர்களோ அவர்கள் வாருங்கள்" என்று இருந்தது. இந்த ஊர் வீடுகளை அறிந்த ஒருவர்தான் அப்படி எழுத முடியும். மகனுடைய வகுப்பில் பல பிள்ளைகளின் அப்பாக்கள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். சிலரின் அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருக்கிறார். அம்மாயியோ பெரியம்மாவோதான் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கூட்டிவருகிறார்கள். அவர்கள் யாரும் தயங்கி வாசலில் நிற்க வேண்டியதில்லாமல் செய்துவிட்டது அந்த ஒரு வரி.

நேரத்தையும் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம் போனால் அன்றைய பேரே, அதாவது அன்றைய நாட்சம்பளமே, போய்விடலாம். குறித்த கிலோ நிறையவில்லை என்றால் அரைப்பேர்தான். 2024இல் நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் என்று உயர்த்திய பிறகும், அதில் பாதி போவது ஒரு வீட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை. பாடசாலை அதிபர் முன்கூட்டியே தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் பேசி, தரம் ஒன்றுத் தாய்மார் விழா முடிந்து மலைக்கு வந்தால் போதும் என்று அனுமதி வாங்கியிருந்தார். புதுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழாவும் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. பிரதம அதிதிக்காகக் காத்திருக்கவில்லை. விளக்கேற்றினார்கள். தரம் இரண்டுப் பிள்ளைகள் கடதாசிப் பூமாலையோடு வரிசையாக வந்து புதுப் பிள்ளைகளுக்குப் போட்டு, கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிப்போனார்கள். பேச்சுகள் சுருக்கம். குடும்பங்களை மதிப்பது என்றால் முதலில் அவர்களுடைய நேரத்தை மதிப்பதுதான் என்று எனக்கு அன்று நன்றாகவே விளங்கியது.

அப்புறம் எங்களையும் வகுப்பறைக்குள் அழைத்தார் டீச்சர். பாட்டி படித்த காலத்தில் தோட்டப் பாடசாலை என்றால் ஒரே அறை, ஒரே வாத்தியார். அதை நடத்தியதும் தோட்ட நிர்வாகம்தான். மூன்றாம் வகுப்போடு நிறுத்திக் கூடையைக் கொடுத்துவிட்டார்கள் என்று பாட்டி சொல்வார். 1970களின் பிற்பாதியிலிருந்துதான் அரசு இந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் நாட்டு உதவியில் பல இடங்களில் கட்டடங்கள் எழுந்தன. இன்று மகனுடைய வகுப்பில் சுவர் நிறையப் படம், தாழ்வான அலுமாரி, விளையாடுவதற்கு ஒரு மூலை. சின்னக் கதிரைகளில் நாங்கள் உட்கார்ந்தோம், பிள்ளைகள் எங்கள் மடியில்.

முதல் வாரங்களில் புத்தகத்தைத் திறக்கப்போவதில்லை, பிள்ளைகளை விளையாட விட்டு ஒவ்வொருவரையும் இனங்கண்டுகொள்வேன் என்றார். அப்புறம் ஒரு கொப்பியோடு எங்களில் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து உட்கார்ந்தார். அ, ஆ தெரியுமா, எண் தெரியுமா என்று எதுவும் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவீர்கள்? எதற்குப் பயப்படுவான்? இரவில் யாரோடு படுப்பாள்? காலையில் என்ன சாப்பிட்டு வருவாள்? ரொட்டியா, வெறும் தேத்தண்ணியா? வெறும் தேத்தண்ணி என்று சொன்னவரிடம் முகம் மாறாமல், "சரிம்மா, இங்க சாப்பாடு இருக்கு, நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு கேள்வி. "நீங்க எந்த மலையில நிப்பீங்க? கங்காணி யாரு?" என்று பறிக்கிற அம்மாமாரிடம் கேட்டு எழுதிக்கொண்டார். பள்ளத்து மலைகளில் போன் எடுக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கங்காணிக்குச் சொன்னால்தான் அம்மாவுக்குத் தெரியும்.

என் முறை வந்தது. நான் மலைக்குப் போவதில்லை, வீட்டில் தைக்கிறேன் என்றேன். டீச்சர் கொப்பியிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"வகுப்பு பதினொன்றரைக்கு முடியும். நீங்க வீட்டுலதான் இருப்பீங்களா?"

இருப்பேன் என்றேன்.

இங்கே தரம் ஒன்று, இரண்டுக்கு பதினொன்றரையோடு பாடசாலை விடும். மேல் வகுப்பு அண்ணன்மார் வர ஒன்றரை ஆகும். அம்மா மலையிலிருந்து இறங்க நாலரை தாண்டும். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களைத்தான் பார்ப்பார்கள். இடையில் உள்ள அந்த நேரத்துக்குப் பிள்ளையை எங்கே விடுவது என்பதுதான் அன்று அந்த அறையில் எல்லோருக்கும் இருந்த கவலை. டீச்சர் அதை வெளிப்படையாகவே பேச்சுக்கு எடுத்தார். ஒவ்வொரு லயத்திலும் பகலில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஓய்வுபெற்ற பாட்டிமார் இருவர், ஒரு பெரியம்மா, நான். மேல் லயத்துப் பிள்ளைகளைப் பாட்டிமார் ஏற்றார்கள். ஆற்றோரத்துப் பிள்ளைகளைப் பெரியம்மா. எங்கள் லயத்துப் பிள்ளைகள் என் பொறுப்பு.

விழா முடிந்து வெளியே வந்தபோது, அதுவரை என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியிராத அக்கா ஒருவர் மலைக்கு ஓடுகிற அவசரத்திலும் நின்றார். "எம்புள்ளைக்கு கருவாடு ஒத்துக்காது. மத்தது எல்லாம் குடுங்க" என்றார். அந்த ஒரு பேச்சில் நான் இந்த ஊர்க்காரி ஆனேன். இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது.

இப்போது பதினொன்றரைக்குப் பாடசாலை வாசலில் நிற்பேன். பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு சப்பாத்தில் சேறு அப்ப நடப்பார்கள். சோறும் பருப்பும் பெரிய சட்டியில் ஆக்குகிறேன். அம்மாமார் அரிசியும் தேங்காயும் மாதத் தொடக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். காசு வாங்குவதில்லை. எனக்கு மரக்கறி வாங்க ஹட்டன் போக வேண்டுமென்றால் யாராவது ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மகனைப் பார்த்துக்கொள்கிறார். குழாயடியில் என்னைக் கூப்பிடுவது மகன் பெயரைச் சொல்லி, அவன் அம்மா என்று.

தமிழ்நாட்டிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து, எங்கிருந்தோ கல்யாணமாகி இந்த மலைக்கு வருகிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயிலில், கடையில், கூட்டத்தில் நம்மை யாரோ ஒருவருடைய மருமகளாகத்தான் பார்ப்பார்கள். வகுப்பறையில் நமக்கென்று ஒரு இடமும் வேலையும் இருக்கிறது. பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், உள்ளே போய் உட்காருங்கள். நல்ல டீச்சர் கிடைத்தால், உங்களால் என்ன முடியும் என்று அவரே கேட்பார். கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

வருகிற ஜனவரியில் எங்கள் பிள்ளைகள் தரம் இரண்டு. புதுப் பிள்ளைகளுக்கு மாலை போடுவது அவர்கள் முறை, ஏற்பாடு எங்கள் வகுப்புப் பெற்றோர் முறை. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கூடினோம். தோரணத்தை அப்பாமார் எடுத்துக்கொண்டார்கள். கடதாசிப் பூமாலை தைப்பது நான். கடிதங்களை இந்த முறை நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று அக்காமார் சொல்லியிருக்கிறார்கள். கீழ் டிவிஷனில் புதிதாக வந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு முதலில் போகிறோம்.