முந்நூறு ரூபாவும் மூன்று மாவட்டப் பாஸும்

எங்கள் கழகத்துப் பொருளாளரிடம் ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட கணக்குக் கொப்பி, இருக்கிறது. அது விளையாடுகிற பெடியளின் கணக்கு இல்லை, பார்க்கப் போகிற எங்கள் கணக்கு. ஒவ்வொரு மட்சுக்கும் ஒரு பக்கம். யார் யார் வாகனத்தில் வந்தது, யார் காசு தந்தது, யார் "பிறகு தாறன்" என்று சொல்லி நழுவினது எல்லாம் அதில் இருக்கும். 2020 மார்ச் 22 என்று போட்ட பக்கத்தில் 14 பேர்கள். 13 பேருக்கு நேரே சரி அடையாளம். மிச்சமிருக்கிற ஒரு பெயர் என்னுடையது.

நாங்கள் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிப் பக்கம். இங்கே உதைபந்தாட்டம் பார்க்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். விளையாடுகிறவர்கள் ஹயஸ் வானில் போவார்கள். நாங்கள் பட்டா என்கிற சின்ன லொறியில், பின்னுக்கு நின்றபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு. தலைக்கு முந்நூறு ரூபா. தாளத்துக்கு ஒரு நீலப் பிளாஸ்டிக் பரல், அடிக்க இரண்டு பூவரசந் தடி. முழங்காவில், பூநகரி, அடம்பன், புதுக்குடியிருப்பு என்று எங்கே சுற்றுப்போட்டி நடந்தாலும் அந்தப் பரல் போகும். தோற்றுவிட்டு வருகிற இரவுகளில் அதற்குள் வெற்றுச் சோடாப் போத்தல்களைப் போட்டுக்கொண்டு வருவோம்.

வெளிநாட்டு ஆட்டமும் உண்டு. எங்கள் கோல் காப்பாளன், ஊரில் எல்லோருக்கும் அவன் "கோலி"தான், இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில் பைத்தியம். முப்பது வருஷமாக லீக் கிண்ணம் எடுக்காத அணி அந்த வருஷம் 29 ஆட்டத்தில் 82 புள்ளி எடுத்து, இரண்டாவது அணியைவிட 25 புள்ளி முன்னுக்கு நின்றது. அதனால் மார்ச் 11 இரவு, எங்களுக்கு 12 ஆம் திகதி விடியப்புறம் ஒன்றரைக்கு, கழகக் கொட்டிலில் ஒரு போனைச் சுற்றி ஆறு பேர் குந்தியிருந்தோம். அது இங்கிலாந்து லீக் இல்லை, ஐரோப்பியக் கழகங்கள் மோதுகிற சம்பியன்ஸ் லீக். மட்ரிட்டிலிருந்து வந்த அத்லெட்டிக்கோவோடு. மேலதிக நேரத்தில் லிவர்பூலின் மாற்றுக் கோல் காப்பாளர் அட்ரியன் பந்தைத் தப்பாக உதைத்து எதிராளியின் காலில் கொடுத்தார். அதோடு ஆட்டம் மாறி 3-2 என்று தோல்வி. "கோலி" போனையே பார்க்காமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கோல் காப்பாளன் விட்ட பிழையை இன்னொரு கோல் காப்பாளனால் பார்க்க முடியாதுபோல.

கொரோனாவால் மட்ரிட்டில் அந்தக் கிழமை பள்ளிக்கூடங்கள் பூட்டு. ஆனாலும் அங்கிருந்து சுமார் 3000 பேர் பிளேன் ஏறி மட்ச் பார்க்க வந்திருந்தார்கள். "விசர்ச் சனமடா" என்று சிரித்தோம். இரண்டு நாளில் இங்கிலாந்து லீக்கை நிறுத்தினார்கள். அதே 13 ஆம் திகதி எங்கள் நாட்டிலும் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். 15 ஆம் திகதி ஞாயிறு நாங்கள் பட்டாவில் ஏறி முழங்காவில் பக்கம் அரையிறுதிக்குப் போனோம்.

மைதானத்தில் ஒலிபெருக்கிக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார், வீரர்கள் கைகொடுக்க வேண்டாம், வணக்கம் மட்டும் சொல்லவும் என்று. கையெடுத்துக் கும்பிட்டார்கள். பதினைந்தாவது நிமிடம் நாங்கள் ஒரு கோல் அடித்ததும் முழு அணியும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விழுந்து கட்டிப்பிடித்துக் கிடந்தது. நாங்களும் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடிப்போய் அதற்குமேல் விழுந்தோம். பிரதம விருந்தினர் கனடாவிலிருந்து வந்து நின்றவர். எல்லோருடைய தோளிலும் தட்டினார்.

இரண்டாம் பாதியில் "கோலி" முன்னுக்கு ஓடிவந்து எதிரணிக்காரனின் காலடியில் பாய்ந்தான். கயிற்றுக்கு வெளியே நின்ற எங்களுக்கே சத்தம் கேட்டது, காய்ந்த தடி முறிகிறமாதிரி. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும். மட்டை வைத்துக் கட்டி அம்புலன்ஸில் ஏற்றினார்கள். நான் கூட ஏறினேன். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டும்போது போன் வந்தது. பின்வரிசைப் பெடியன் ஒருத்தன் கையுறை போட்டு நின்றானாம், 1-0 என்று வென்றாச்சாம், அடுத்த ஞாயிறு இறுதிப்போட்டியாம். ஊருக்குத் திரும்புகிற பட்டாவிலேயே பொருளாளர் கொப்பியை எடுத்து இறுதிப்போட்டிக்குக் காசு சேர்த்துவிட்டார். நான் அம்புலன்ஸில் போனதால்தான் என் பெயருக்கு நேரே சரி விழவில்லை. இதைப் பலமுறை சொல்லிவிட்டேன். அவர் காதில் ஏறுவதில்லை.

புதன்கிழமை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன், தகடு வைத்தார்கள். வெள்ளிக்கிழமை, 20 ஆம் திகதி, பின்னேரம் 6 மணி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். சனிக்கிழமை எங்களுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வெளியில் ஒரு ஆட்டோ இல்லை. ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் கதைத்துக் கொடுத்ததில், வேறொரு நோயாளியை ஏற்றப் போன வானில் கொக்குவிலில் இருக்கிற "கோலி"யின் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு நாள் கதை என்று நினைத்தோம்.

ஊரில் என் அம்மாவுக்கு அப்படி நினைப்பு இல்லை. போன் எடுத்தால் அரிசி ஒரு மூட்டை, பருப்பு, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி வாங்கி வைத்த கணக்கைச் சொன்னா. 2006 ஆவணியில், யுத்தத்துக்குள், யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியைப் பூட்டினதை அனுபவித்த ஆள். வர பாஸ் எடுக்க வேணுமாம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "திரும்பவும் பாஸோ?" என்றா. வன்னியில் அந்தச் சொல்லுக்கு ஒரு வயது இருக்கிறது. வெளியே போகப் பாஸ் எடுத்து, ஓமந்தைச் சோதனைச் சாவடியிலும் முகமாலைச் சோதனைச் சாவடியிலும் பொதிகளை அவிழ்த்துக் காட்டின சனம். இந்தமுறை நான் உள்ளே வரப் பாஸ் தேடிக்கொண்டிருந்தேன்.

24 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை சில மணி நேரம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். பட்டாக்கார அண்ணை விடியவே ஊரிலிருந்து வெளிக்கிட்டார். சங்குப்பிட்டியில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். ஊரடங்கு தளர்வு மாவட்டத்துக்குள் மட்டும், மாவட்டம் விட்டு மாவட்டம் போகேலாது என்று. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தை எப்போது திறப்பார்கள் என்றே சொல்லவில்லை. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டியோடு யாழ்ப்பாணமும் ஆபத்துக் கூடின மாவட்டம்.

இனி அலுவல் தொடங்குகிறது. நான் செய்த பிழைகளோடு சொல்கிறேன்.

முதலில் ஊர் விதானையாருக்கு, அதுதான் கிராம அலுவலருக்கு, போன். அவர் தங்கமான மனுசன், ஒரு மணித்தியாலத்தில் வதிவிடக் கடிதத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டார். ஆனால் "தம்பி, இது நீர் ஆரெண்டு சொல்லுற கடிதம். வெளிக்கிட விடுறது அங்கத்தைய ஆக்கள்" என்றார். அங்கத்தைய ஆட்களைத் தேடினேன். பிரதேச செயலகத்தில் பொலிஸைக் கேட்கச் சொன்னார்கள். பொலிஸில் சுகாதாரப் பக்கத்துக் கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். சுகாதாரப் பக்கத்தில் போனே எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் ஏலாது, அந்த நாட்களில் அவர்கள் நித்திரை கொண்டிருப்பார்களோ தெரியாது. மூன்றாம் நாள் எடுத்தவரின் முதல் கேள்வி, "15 ஆம் திகதி எங்கை நிண்டனீங்கள்?"

அந்தக் கிழமை யாழ்ப்பாணத்தில் எல்லோரிடமும் கேட்ட கேள்வி அது. 15 ஆம் திகதி அரியாலையில் ஒரு ஆராதனை நடந்தது. அதை நடத்தின போதகர் சுவிஸிலிருந்து வந்தவர், திரும்பிப் போனபிறகு அவருக்குத் தொற்று என்று தெரிந்தது. போனவர்களைத் தேடித் தனிமைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆராதனைக்குப் போகவில்லை என்று சொன்னால் போதுமாக இருந்தது. நான் வலு நேர்மையாக, "மட்ச் பாக்கப் போனனாங்கள் ஐயா, முழங்காவில் பக்கம்" என்றேன்.

"எத்தினை பேர்?"

"ஒரு ஐந்நூறு அறுநூறு."

"வெளிநாட்டுக்காரர் ஆரும் வந்தவையோ?"

கனடாக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த "கோலி" தலையணையால் எறிந்தான். "விசரா, ஏன்ரா சொன்னனி!"

அந்த ஒரு வாயால் ஆறு நாள் போனது. எங்கள் பெயர் ஒரு பட்டியலுக்குப் போய், அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.க்குப் போய், அவர் கனடாக்காரரைத் தேடி, அவர் வந்த நாளிலிருந்து 14 நாள் கழிந்து சுகமாக இருக்கிறார் என்று உறுதி வரும்வரை காத்திருந்தோம். இப்போது யோசித்தால் சொன்னது சரிதான். அப்போது பெரியம்மா வீட்டில் மூன்று நேரமும் புட்டும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டு அப்படி யோசிக்க வரவில்லை.

கடைசியில் கையில் இருந்தது நான்கு தாள்: ஆஸ்பத்திரித் துண்டு, விதானையாரின் கடிதம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கடிதம், பொலிஸ் முத்திரை குத்தின பாஸ். இவற்றில் எல்லா இடத்திலும் மதிப்பாக இருந்தது ஆஸ்பத்திரித் துண்டுதான். அதைவிட மதிப்பு "கோலி"யின் கட்டுப்போட்ட காலுக்கு. பாஸில் வாகன இலக்கம், சாரதியின் அடையாள அட்டை இலக்கம், போகிற மாவட்டங்கள் எல்லாம் எழுதவேண்டும். வாகனத்துக்கு எங்கள் பட்டா அண்ணையே. மரக்கறி ஏற்றுகிறதுக்கு அவரிடம் தனிப் பாஸ் இருந்தது. பூசணியும் கத்தரியும் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்புகிறபோது எங்களை ஏற்றுவதாக ஏற்பாடு. மரக்கறிப் பாஸில் ஆள் ஏற்றக் கூடாது, ஆள் பாஸில் மரக்கறி ஏற்றக் கூடாது, அதனால் இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

ஏப்ரல் 2, வியாழக்கிழமை. பின்பெட்டியில் சாக்குகளை அடுக்கி "கோலி"யைச் சாய்த்து வைத்தோம். கிட்ட என்று சங்குப்பிட்டி வழியே விட்டார் அண்ணை. அங்கே நின்ற பொலிஸ்காரர் தாள்களை வாசித்து முடித்து, "எந்தப் பாதை?" என்று கேட்டார். பூநகரி, வெள்ளாங்குளம், துணுக்காய் என்று அண்ணை பாட்டாகச் சொன்னார்.

"வெள்ளாங்குளம் மன்னார் தானே. இதில் மன்னார் இல்லை."

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று மூன்று மாவட்டம்தான் பாஸில். அந்த வீதி மன்னார் மாவட்டத்தின் ஒரு நுனியை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். எத்தனையோ ஞாயிறு அந்த வழியால் பரல் அடித்துக்கொண்டு போயிருக்கிறோம், மாவட்டம் மாறுகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. பொலிஸ்காரர் கோபிக்கவில்லை. ஏ9 ஆல் போகச் சொன்னார். திருப்பிக்கொண்டு சாவகச்சேரி, கொடிகாமம், பளை.

ஆனையிறவில் இறக்கி நெற்றிக்குக் காய்ச்சல் பார்க்கிற மெஷினைப் பிடித்தார்கள். எனக்குச் சரி. "கோலி"க்குக் கூடக் காட்டியது. மத்தியான வெயிலில் திறந்த பெட்டியில் கிடந்து வந்தவன், காட்டாமல் என்ன செய்யும்? வாகனத்தின் நிழலில் இருபது நிமிடம் இருத்தி வைத்தார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. தலையில் தண்ணி ஊற்றட்டோ என்று அண்ணை மெதுவாகக் கேட்டார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாந்தரம் சரியாகக் காட்டியது. பெயர் பதிந்து விட்டார்கள்.

முறிகண்டியில் நிறுத்தாமல் போகிற வாகனத்தை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அன்று நாங்களே நிறுத்தவில்லை, நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. கச்சான் கடைகள் எல்லாம் படங்கு போட்டு மூடியிருந்தன. அண்ணை வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் கும்பிட்டு, ஒரு குத்திக் காசை யன்னலால் பிள்ளையார் பக்கம் எறிந்தார். பிறகு மாங்குளத்தில் திரும்பி, குளத்துக் காற்று முகத்தில் பட, பின்னேரம் ஊர்.

வீட்டுப் படலையில் பி.எச்.ஐ. எங்களுக்கு முன்னமே வந்து நின்றார். இரண்டு வீட்டுக்கும் அறிவித்தல் ஒட்டினார், 14 நாள். வருஷப்பிறப்பும் அதற்குள்ளேயே போனது. கழகப் பெடியள் படலையில் மீன் பையைத் தொங்கவிட்டு, ரோட்டில் நின்று பரலை ஒருதரம் அடித்துவிட்டுப் போனார்கள்.

மே 16 இல் ஜெர்மன் லீக் தொடங்கியது. வெறும் கதிரைகளுக்கு முன்னால் விளையாடினார்கள். பந்தில் கால் படுகிற சத்தமும், கோல் காப்பாளர் பின்வரிசைக்காரரை ஏசுகிறதும் போனில் தெளிவாகக் கேட்டது. "கோலி"க்கு அது நல்லாய்ப் பிடித்தது. எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. ஜூன் 25 இல், எங்களுக்கு அடுத்தநாள் விடியப்புறம், செல்சி மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வெல்ல, விளையாடாமலே லிவர்பூல் சம்பியன். "கோலி" ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் கத்தினானாம். நள்ளிரவு ஊரடங்கு இன்னும் இருந்த நாட்கள், தாய்க்காரி ஓடிவந்து வாயைப் பொத்தினாவாம்.

எங்கள் இறுதிப்போட்டி நடக்கவேயில்லை. கிண்ணம் யாரிடம் இருக்கிறது என்று இரண்டு ஊரும் இன்றைக்கும் கதைக்கிறது. அந்தப் பக்கத்துக்குச் சேர்ந்த 3900 ரூபாவையும் பொருளாளர் எங்களைக் கொண்டுவந்த பட்டாவுக்கு டீசலுக்கென்று கொடுத்துவிட்டார். அதுவும் கொப்பியில் பதிவாகியிருக்கிறது. அப்படியென்றால் எனக்காகச் செலவழித்த காசு, நான் இன்னும் என்ன தருகிறது என்று கேட்டேன்.

"அது பயணச் செலவு. நான் கேக்கிறது மட்ச் காசு" என்றார்.