எலியின் தோலுக்கடியில் வைத்த பட்டு: அல்ட்ராசவுண்டில் பின்தொடர்ந்த அனுபவம்

உடம்புக்குள் பட்டு கரையாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அறுவைத் தையலுக்கான பட்டு நூலையும் கரையாத நூல் வகையில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பட்டுக்கூட்டின் செரிசின் பசையை நீக்கி, இழையை லித்தியம் புரோமைடில் கரைத்து, உப்புத் துகள்களால் துளைகள் உண்டாக்கிச் செய்யும் ஃபைப்ராயின் (பட்டிழையின் புரதம்) பஞ்சு கரையும். வேகம் தயாரிப்பைப் பொறுத்தது. 2008-ல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், தண்ணீர் வழியில் செய்த பஞ்சுகள் பெரும்பாலும் 2 முதல் 6 மாதங்களுக்குள் கரைந்துவிட்டன. கரிமக் கரைப்பானில் செய்தவை ஓராண்டு தாண்டியும் இருந்தன.

இதைப் பார்க்க வழக்கமான வழி, ஒவ்வொரு கட்டத்திலும் சில எலிகளைக் கொன்று பஞ்சை வெளியே எடுப்பது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஒரே எலியைத் தொடர்ந்து படமெடுத்தால் சாகும் எலிகள் குறையும், ஒரு பஞ்சின் கதையும் முழுசாகக் கிடைக்கும். நெறிமுறைக் குழுவிடமும் இதைத்தான் சொன்னேன்.

சி.டி. ஸ்கேன் சரிவரவில்லை; அதில் பட்டுக்கும் சுற்றியுள்ள சதைக்கும் வித்தியாசமே தெரிவதில்லை. ஒளிரும் சாயம் ஏற்றலாம்தான். ஆனால் பட்டு கரைந்தாலும் வெளிச்சம் குறையும், சாயம் மட்டும் கழன்று போனாலும் குறையும். எதை நம்புவது? கடைசியில் 40 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்டைத் தேர்ந்தெடுத்தோம்.

இதில் முதல் எதிரி காற்று. பஞ்சின் துளைக்குள் குமிழி இருந்தால் அந்த இடம் பளிச்சென்று வெளுத்து, அதற்குக் கீழே எல்லாம் இருட்டாகிவிடும். அதனால் வைப்பதற்கு முன்பே பஞ்சை உப்புநீரில் போட்டு, வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அப்புறம் அழுத்தம். ஈரப்பஞ்சு மிக மென்மையானது. புரோப் (ஒலியை அனுப்பி வாங்கும் கருவி) தோலைத் தொட்டு அழுத்தினாலே கன அளவு குறைந்தாற்போல் காட்டும். தோலின் மேல் ஜெல்லைத் தடிமனாகப் பரப்பி, புரோப் ஜெல்லை மட்டும் தொடும்படி நிறுத்துவோம். மோட்டார் அதைச் சிறு சிறு அடியாக நகர்த்தும். ஒவ்வொரு வெட்டுப் படத்திலும் பஞ்சின் ஓரத்தைக் கையால் வரைந்து கன அளவைக் கணக்கிடுவேன். கெயின் அளவை, அதாவது திரும்பி வரும் ஒலியைக் கருவி எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பதை, முதல் நாள் வைத்தபடியே கடைசிவரை வைத்திருந்தால்தான் வெளுப்பை ஒப்பிட முடியும்.

சில வாரங்களில் ஓரங்கள் மங்கத் தொடங்கின. கன அளவு பெரிதாகக் குறையவில்லை, ஆனால் உள்ளே எதிரொலி, அதாவது படத்தின் வெளுப்பு, மாறிக்கொண்டே வந்தது. பட்டு போகப்போக அந்த இடத்தில் திசு வளர்ந்து நிரப்புவதால், பருமனை மட்டும் பார்த்தால் ஒன்றுமே கரையவில்லை என்று தோன்றும். இந்த வேலையில் இறங்குபவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: பருமனையும் எதிரொலியையும் சேர்த்தே படியுங்கள்.

ஆனாலும், திசுவைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்காமல் படத்தை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. பஞ்சை வைக்கும்போதே அதன் ஒரு மூலையில் நைலான் தையல் ஒன்று போட்டுவிடுங்கள். அது படத்திலும் தெரியும், திசுவை வெட்டும்போதும் தெரியும். எந்த வெட்டுக்கு எந்தப் படம் என்று பொருத்துவதற்கு எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது.