கன்னியாவில, முதிரை மரத்தடியில

போன தை மாசம் மாரி முடிஞ்ச கையோட திருகோணமலைக்குப் போனனான். மாமா வீடு உப்புவெளியில. அவர் தச்சுவேலை செய்யிறவர், கன்னியா சுடுதண்ணிக் கிணத்தில குளிப்பம் வா எண்டு விடியவே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிட்டார். ஏழு கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு, அள்ளி ஊத்திப்போட்டுத் தலை துவட்டிக்கொண்டு நிக்கேக்க ஈரமண்ணில ஒரு வண்ணத்திப்பூச்சி வந்து குந்திச்சு பாருங்கோ, கறுப்புச் செட்டை முழுக்கப் பச்சைப்பொடி தூவினமாதிரி, குறுக்கால நீலப்பச்சைப் பட்டி, பின்செட்டையில ரெண்டு வால். கமராவை எடுக்க முதலே பறந்திட்டுது.

அது பாண்டட் பீக்கொக், அறிவியல் பெயர் பப்பிலியோ கிரினோ. எங்கட உலர் வலயத்துக் காடுகளிலயும் தென்னிந்தியாவிலயும் இருக்கிற சாதி. ஈரமண்ணில குந்துறது உப்புச்சத்து உறிஞ்சத்தான், அதுவும் கூடுதலா ஆண்பூச்சிகள்தான். அந்தப் பச்சை சாயமே இல்லை, செட்டைச் செதிலின்ர நுண்ணிய அமைப்பில வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற நிறம், அதாலதான் திரும்பத் திரும்ப மினுங்குது.

இதின்ர புழுவுக்கு முதிரை இலைதான் சாப்பாடு எண்டு சொன்னன். மாமா அப்படியே நிண்டிட்டார். முதிரை எண்டா எங்கட ஆக்களுக்குக் கதவுநிலை, யன்னல், கட்டில். மரக்காலையில மணத்தை வச்சே முதிரைப் பலகையைச் சொல்லிப்போடுவார், ஆனா அதின்ர தளிரை நம்பி ஒரு உயிர் இருக்கெண்டு அவருக்கும் தெரியாது. எலுமிச்சை, கறிவேப்பிலை, விளாத்தி எல்லாம் இந்த முதிரையின்ர சொந்தக்காரர்தான். வீட்டு எலுமிச்சையில பறவை எச்சம்மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கிற புழுவைக் கண்டிருப்பியள், அதுவும் இதுவும் ஒரே குடும்பம். அழியிற ஆபத்தில இருக்கிற உயிர்களின்ர உலகச் சிவப்புப் பட்டியலில முதிரையை 1998இலயே சேர்த்தவை, இவ்வளவுகாலமா வெட்டின வெட்டு அப்படி. பெரிய மரமெல்லாம் கதவுநிலையாப் போனா இந்தப் பூச்சி எங்க முட்டையிடும், எனக்கு உண்மையாவே நெஞ்சு கனத்துப்போச்சு.

திரும்பி வரேக்க றோட்டோரப் பத்தைக்குள்ள இடுப்பளவு முதிரைக் கன்று ஒண்டு, மழைக்கு விட்ட தளிர். மாமாதான் கண்டுபிடிச்சார். இலை இலையாப் பிரட்டினதில ஒரு பச்சைப் புழு. மெல்லத் தொட்டார், தலைக்குப் பின்னால ரெண்டு கிளையா ஒரு கொம்பு வெளியில வந்துது, சுள்ளெண்டு ஒரு மணம், எதிரியை விரட்ட அதுக்கு இருக்கிற ஆயுதம். மாமா கையை எடுத்திட்டார். பிறகு அந்தக் கன்றைச் சுத்தி நாலு தடி நட்டு, மாடு கடிக்காம முள்ளும் வெட்டிப்போட்டுத்தான் வெளிக்கிட்டவர்.